மனநலம் கேள்வி – பதில்: மழை இரவும் மாவிளக்கும்

கேள்வி: போன ஐப்பசி மழையில் வீட்டுச் சுவர் இடிந்து என் நாத்தனார் இறந்துவிட்டார். தூறல் விழுந்தாலே அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் மாவிளக்கு போட்டவர், இந்த வைகாசியில் வாசலைத் தாண்டவில்லை. "அந்த அம்மன் கண்ணை மூடிக்கிட்டா" என்கிறார். எப்படித் தேற்றுவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் மிச்சமிருக்கும் சுவர்களைப் பாருங்கள். விரிசல் உண்டா, அடியில் ஈரம் ஊறி மண் உதிர்கிறதா? உண்டென்றால் அத்தையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. கட்டிலை எட்ட நகர்த்திவிட்டுக் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

மழை இரவில் விளக்கு எரியட்டும், ஒருவர் பக்கத்தில் இருங்கள். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்க, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடட்டும். பத்து தடவை போதும். வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். இதை இப்போதே பகலில் பழக்குங்கள், இடி இடிக்கும்போது புதிதாகக் கற்க முடியாது.

வருகிறவர்கள் "அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

அம்மன்மேல் கோபம் தப்பே இல்லை. உரிமை உள்ள இடத்தில்தானே சண்டை போட முடியும்! "எல்லாம் கர்மா" என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். 'உன் பாவம்தான் மகளைக் கொன்றது' என்றே பெற்றவள் காதில் விழும். அடுத்த வைகாசியில் மாவிளக்கை நீங்கள் போடுங்கள். மாவு இடிக்க அத்தையைக் கூப்பிடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாதங்கள் கடந்தும் இந்தத் திடுக்கிடல் நீடிப்பதால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) இலவசம், தமிழிலேயே பேசலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் போகலாம். வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் 1957-லிருந்தே உண்டு. மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. "நானும் போயிடறேன்" என்றால் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் இறந்தவர்களுக்குத் தெருவே சேர்ந்து நினைவுநாள் நடத்தலாமா? இந்து, முஸ்லிம் குடும்பங்கள் இரண்டும் உண்டு.
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: தாராளமாக. 1903 நவம்பர் பாலாற்று வெள்ளத்தில் மாண்டவர்களுக்கு வாணியம்பாடியில் நினைவுத் தூணே நிற்கிறது. பெயர் வாசிக்கவும் படம் வைக்கவும் ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். வேண்டுதலை அவரவர் முறைப்படி செய்யட்டும். வெள்ளக் காட்சி வீடியோ கூடாது, பிழைத்தவர்களுக்கு அது மறுபடியும் அதே ராத்திரி. வர மனமில்லாதவர் வீட்டுக்குச் சாப்பாட்டை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.