பங்குனி வெயிலில் ஒரு குச்சி

வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வளர்ப்பதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் இப்போது முழுப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பாடமே இல்லாமல் உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படித்தான் போகிறது?
– வாசகி, கரூர்

பதில்: வீட்டிலேயே பாடம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அதையும் செய்வதில்லை. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1977-இல் தொடங்கிய பத்திரிகை வழியாகப் பரவிய ‘அன்ஸ்கூலிங்’ என்ற சொல்தான் எங்களுக்குப் பொருந்தும். கால அட்டவணை கிடையாது. பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்கிறார்களோ, அதன் பின்னால் நாங்கள் போகிறோம்.

மாசிக் கடைசியில் தொடங்கி இந்தப் பங்குனி வரை அவர்கள் பிடித்துக்கொண்டது நிழலை. கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வாசலில் புங்கமரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தளதளவென்று துளிர்த்து நிற்கிறது. அது மொட்டையாக நின்றபோது, மரத்தடியில் நிழல் இல்லை என்று பெரியவள் (12 வயது) சொல்லப்போக, அப்படியானால் நிழலை அளப்போம் என்று சின்னவன் (8 வயது) கிளம்பினான். ஒரு மீட்டர் மூங்கில் குச்சியை வாசலில் நட்டார்கள். சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க, எதிர்வீட்டுக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிவந்தார்கள். அவரே வந்து குச்சியை இரண்டு முறை பிடுங்கி நட்டுக் கொடுத்தார்.

மார்ச் 10-ஆம் தேதி உச்சிவெயிலில் நிழல் 28 செ.மீ. 21-ஆம் தேதி 20. இன்று, ஏப்ரல் 10, வெறும் 6. நிழல் மிகக் குட்டையாவது பன்னிரண்டு மணிக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். மார்ச்சில் அது பன்னிரண்டரையைத் தொட்டது! பெரியவள் விடவில்லை. அவள் அப்பாவும் அவளும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தார்கள். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாங்கள் அதிலிருந்து சுமார் 5 பாகை மேற்கே இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம் என்றால் 20 நிமிடம். மீதிப் பத்து நிமிடம் பூமியின் சாய்வாலும், அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் வருவது. இப்போது அந்தப் பத்தில் பெரும்பகுதி கரைந்து 12.22 ஆகிவிட்டது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளோடு சேர்ந்து இப்போதுதான் படிக்கிறேன்.

மற்ற நேரம்? காலையில் வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் பூ சேர்க்கிறார்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆகும். காய்ந்த பூவைத் தராசில் வைத்த சின்னவன், “மீதி எங்கம்மா போச்சு?” என்று கேட்டான். புங்கம்பூ உதிர்ந்த மண்ணைப் பார்த்துப் பெரியவள், “பொரி கொட்டின மாதிரி இருக்கு” என்றாள். அதே பூவைப் பொரி என்று சொல்லும் சங்கப் பாட்டு ஒன்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதைச் சொன்னேன். மரத்தடியில் வைத்தே சொல்லியிருந்தால் அவள் கண்டது பாடமாகிப் போயிருக்கும்.

சும்மா படுத்துக் கிடக்கும் நாட்களும் உண்டு. போன வாரம் மூன்று நாள் சீட்டாட்டம்தான்.

கேள்வி: சான்றிதழுக்கு என்ன செய்வீர்கள்?
– வாசகர், தேனி

பதில்: தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். முன்பு பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. ஐந்து பாடங்கள். ஒரே மூச்சில் எழுத வேண்டாம், பதிவு ஐந்து வருஷம் செல்லும். பெரியவளிடம் இதைச் சொல்லிவிட்டோம். எப்போது எழுதுவது என்று அவளே சொல்லட்டும்.

கேள்வி: எட்டு வயதாகியும் உங்கள் பையனுக்குச் சரியாக வாசிக்க வராது என்று எழுதியிருந்தீர்கள். பயமாக இல்லையா? பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பயந்தேன். போன வருஷம் ஒரு மாதம் அவனைத் தினமும் ஸ்லேட்டோடு உட்கார வைத்தேன். ஸ்லேட்டைக் கண்டாலே வயிறு வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தான். பெரியவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது காலையில் இதே வயிற்றுவலியோடுதான் அழுவாள். அதற்காகத்தான் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். அதையே நான் வீட்டில் செய்துகொண்டிருந்தேன். ஸ்லேட்டைப் பரணில் போட்டுவிட்டேன்.

இப்போது தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது அவன் வேலை. அன்றைய நிழல் அளவை அதன் பின்பக்கம் எழுதி, தாள்களை ஒரு கம்பியில் குத்தி வைக்கிறான். போன வாரம் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “ப...ங்...கு...னி” என்று விரலால் தடவித் தடவி வாசித்தான். அடுத்த தாளிலும் அதே சொல், அதற்கடுத்ததிலும். ஐந்தாவது தாளில் விரலை எடுத்துவிட்டான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்க்கவில்லை.

என் மாமியார் நிறையச் சொல்வார். “அம்மிணி, இப்படியே உட்டுட்டா நாளைக்கு இவனுக்கு யாரு வேலை குடுப்பா?” என்று போன விசேஷத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் கவலை நியாயமானது. பேரன்மேல் பாசம் இல்லாவிட்டால் கேட்பாரா? கறுப்பாக இருப்பது ஆண் குயில், புள்ளி போட்டது பெண் என்று பிள்ளைகளுக்குக் காட்டியவரும் அவர்தான்.

எங்கள் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வந்து குச்சி நிழலே இல்லாமல் நிற்கும் நாள் நெருங்குகிறது. அதற்கு அப்புறம் உச்சிவேளை நிழல் தெற்கே விழத் தொடங்கும். ஒரு நாளைக்கு முக்கால் செ.மீ. போலக் குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பெரியவள் 19-ஆம் தேதி என்கிறாள். நிழலின் நுனி மங்கலாக இருக்கிறது, அதை நம்ப முடியாது, 21தான் என்கிறான் சின்னவன். என் மாமியார் 20 என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மேகம் வராமல் இருக்க வேண்டும்.