கல்லாகிப்போன பிரட்டும் திரிந்துபோன சூப்பும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் வெளியே போனால் தக்காளி சூப், பூண்டு பிரட் இரண்டுக்கே எண்ணூறு ரூபாய் ஆகிவிடுகிறது. வீட்டில் ஓ.டி.ஜி. (சிறு மின்சார ஓவன்) இருக்கிறதே என்று செய்து பார்த்தேன். செய்முறையில் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து இரண்டு மணி நேரம் வைத்தேன். கையில் ஒட்டியதால் கூடுதலாக மைதா சேர்த்தேன். பிரட் கல் மாதிரி ஆகி, புளித்த வாடை வந்தது. சூப்பில் பால் விட்டதும் திரிந்துவிட்டது. எங்கே தப்பு? (முகப்பேர் வாசகி)

பதில்: கோளாறு தண்ணீரில் தொடங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு மணி நேரம் என்பதெல்லாம் குளிர் ஊர்ச் சமையலறைக்கு எழுதிய அளவு. இங்கே சென்னையில் மே மாதப் பகலில் சமையலறையே 34, 35 டிகிரி இருக்கும். மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு பொங்கி, அப்புறம் அமுங்கத் தொடங்கிவிடும். நீங்கள் ஓவனில் வைத்தது பொங்கி அடங்கிய மாவு. இட்லி மாவை மார்கழியில் எவ்வளவு நேரம் வைக்கிறோம், சித்திரையில் எவ்வளவு நேரம் வைக்கிறோம்? அதே கணக்குதான் இதற்கும்.

250 கிராம் மைதாவுக்கு 160 மில்லி பானைத் தண்ணீர், ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய் போதும். வெண்ணெய் தவிர மற்றதைச் சேர்த்துப் பிசறி, மூடி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு தண்ணீரைக் குடித்ததும் பாதி ஒட்டல் தானாகவே போய்விடும். பிறகு வெண்ணெய் சேர்த்து, பரோட்டா மாவு போல இழுத்து மடித்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். ஒட்டினால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், மைதாவைத் தொடாதீர்கள். கூடுதல் மைதாதான் உங்கள் பிரட்டைக் கல்லாக்கியது. ஒரு சிறு உருண்டையை விரல்களால் விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும்.

மாவை நேரான கண்ணாடி டப்பாவில் போட்டு, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். கடிகாரத்தை விட்டுவிட்டு அந்த ரப்பர் பேண்டைப் பாருங்கள். இரண்டு மடங்கானால் எடுத்து நீளமாக உருட்டித் தட்டில் வையுங்கள். அரை மணி கழித்து விரலால் லேசாக அழுத்துங்கள். குழி மெதுவாகப் பாதி மேலே வந்தால் ஓவனுக்குத் தயார். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 200 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். நன்றாக ஆறிய பிறகே வெட்டிப் பூண்டு வெண்ணெய் தடவி, மறுபடி ஐந்து நிமிடம் ஓவனில் வையுங்கள். பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டை ஃப்ரீசரில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் வெளியே வைத்தால் வீரியம் போய்விடும்.

சூப் சுலபம். புளிப்பும் கொதியும் சேர்ந்ததால்தான் பால் திரிந்தது. நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் புளிப்பு தூக்கலாக இருக்கும். அதனால் பாதிக்குப் பாதி பெங்களூர்த் தக்காளி போடுங்கள். முக்கால் கிலோ தக்காளி, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, நிறத்துக்கும் இனிப்புக்கும் ஒரு கேரட். குக்கரில் இரண்டு விசில் விட்டு, ஆறவைத்து அரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். உணவக சூப்பின் வழவழப்பில் பாதி அந்த வடிகட்டியில்தான் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவைச் சிவக்காமல் வறுத்து, அரைத்ததை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். உப்பு, மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் பாலுக்குப் பதில் ஃப்ரெஷ் கிரீம் கால் கப். அதிலும் முதலில் ஒரு கரண்டி சூப்பை கிரீமில் கலந்து, பிறகு அந்தக் கலவை மொத்தத்தையும் சூப்பில் ஊற்றுங்கள். கிரீமில் கொழுப்பு அதிகம், அவ்வளவு எளிதில் திரியாது.

செலவு? கரண்டையும் சேர்த்து நால்வருக்கு 150 ரூபாய்க்குள் முடியும் என்பது என் கணக்கு. தக்காளி விலைதான் கணக்கை மாற்றும். 2023 ஜூலையில் விலை நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது நினைவிருக்கும். கோயம்பேட்டில் மலிவாகக் கிடைக்கும்போது இரண்டு மூன்று கிலோ வாங்கி, வேகவைத்து வடிகட்டிய சாற்றை ஃப்ரீசரில் போட்டு வையுங்கள்.

இந்த ஞாயிறு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். சூப்பை மட்டும் செய்யுங்கள், மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். பிரட்டுக்குப் பக்கத்து பேக்கரியில் வெட்டாத ரொட்டி வாங்கி, தடிமனாக வெட்டிப் பூண்டு வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிபோட்டு வாட்டுங்கள். அடுத்த வாரம் மாவு பிசையலாம்.