ஆறு கோர்ஸும் ஒரு ரிப்போர்ட்டும்

கேள்வி: வயது 24. ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தரும் சின்ன கம்பெனியில் இரண்டு வருடமாக பிஎச்பி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். ‘பிஎச்பி செத்துப்போச்சு’ என்கிறார்கள் நண்பர்கள். பயந்துபோய் பைத்தான், ரியாக்ட், ஃப்ளட்டர், கிளவுட் என்று ஆறு கோர்ஸ் வாங்கினேன். ஒன்றையும் முடிக்கவில்லை. இங்கே மாதக் கடைசி ரிப்போர்ட் வர நாற்பது விநாடி ஆகும், அதைக்கூட சீனியர் அண்ணன்தான் பார்ப்பார். ஒன்றிலேயே இருப்பதா, எல்லாவற்றையும் தொட்டு வைப்பதா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நாற்பது விநாடி ரிப்போர்ட், உங்கள் அடுத்த கோர்ஸ் அதுதான். காசும் கொடுக்க வேண்டாம்.

முதலில் பிரவுசரில் நெட்வொர்க் டேபைத் திறந்து, நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சர்வர் பதிலுக்குத்தான் காத்திருக்கும். அப்புறம் அந்த ரிப்போர்ட்டின் க்வெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை எடுத்து, முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன்’ சேர்த்து ஓட்டுங்கள்; எப்படித் தேடுகிறது என்று காட்டும். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் ‘டைப்’ என்ற இடத்தில் ‘ஆல்’ என்று வருகிறதா? அளவுச்சீட்டு ஒட்டாத அலமாரியில் 40 சைஸ் சட்டை தேடுவது மாதிரி, ஒரு மாதக் கணக்குக்காக மொத்த டேபிளையும் பிரித்துப் பார்க்கிறது என்று அர்த்தம். பில் தேதிக்கு இண்டெக்ஸ், அதாவது அந்த அளவுச்சீட்டு, இல்லாமல் இருக்கலாம். இருந்தும் பயன்படாமல் கிடக்கலாம்: தேதியை ‘மன்த்’ ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டிருந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. ‘1-ஆம் தேதியிலிருந்து, அடுத்த மாதம் 1-க்கு முன்பு வரை’ என்று எழுதினால் உதவும்.

க்வெரி வேகமாகத்தான் இருக்கிறது என்றால் பிஎச்பி புரோகிராமைப் பாருங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்க லூப்புக்குள் தனித்தனி க்வெரி போகிறதா? 3,000 பில் இருந்தால், பட்டியலுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று 3,001 முறை டேட்டாபேஸ் கதவைத் தட்டுகிறீர்கள். இரண்டு டேபிளையும் சேர்த்து எடுக்கும் ஒரே ஒரு ஜாயின் போதும்.

கவனித்தீர்களா, பிஎச்பி-யைப் பிடித்துக்கொண்டே இறங்கி, நெட்வொர்க்கையும் டேட்டாபேஸையும் பார்த்துவிட்டு வந்தீர்கள். நாளைக்கு பைத்தானின் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் எழுதினாலும் இதே லூப் தொல்லை அங்கேயும் காத்திருக்கும். அதனால் இப்போதைக்கு ஒன்றிலேயே இருங்கள் என்பதுதான் என் கட்சி. தேவைக்காகத் தொட்டது மறக்காது. கோர்ஸில் தொட்டது மறுவாரமே போய்விடும்.

நண்பர்களின் பயம் வெறும் பயம் என்றும் சொல்ல மாட்டேன். நான் ஒரு காலத்தில் ஃப்ளாஷ் ஆள்; வெப் பக்கங்களில் அனிமேஷனும் கேமும் ஓட்டிய அடோபியின் சாஃப்ட்வேர் அது. ஐபோனில் ஃப்ளாஷ் ஓடாது என்று தெரிந்தபிறகும் ‘அதெல்லாம் நமக்கென்ன’ என்று இருந்துவிட்டேன். வேலை குறையக் குறையத்தான் உறைத்தது. கடைசியில் 2020 டிசம்பர் 31-ஓடு அடோபியே கைகழுவிவிட்டது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற எனக்குச் சில வாரங்கள்தான் ஆயின. ஃப்ளாஷின் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் அதுவும் எக்மாஸ்கிரிப்ட் என்ற ஒரே தரத்தைச் சேர்ந்த பங்காளிகள். ஃப்ளாஷில் ஆழமாகப் போனது என் தப்பில்லை. அக்கம்பக்கம் எட்டிப் பார்க்காததுதான் தப்பு.

பிஎச்பி விஷயத்தில் அவ்வளவு பதற்றம் வேண்டாம். 1995-இல் வந்த மொழி, வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் இன்றும் அதில்தான் ஓடுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது வெர்ஷனை. உங்கள் கம்பெனி இன்னும் 5.6-இல் இருந்தால், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 கடைசியோடு நின்றுவிட்டன. 8-க்கு மாற்றும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்!

ஆறு கோர்ஸில் ரியாக்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஜாவாஸ்கிரிப்ட் கைக்கு வந்த பிறகு. பில்லிங் திரையில் ஏற்கெனவே கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும், அங்கேயே தொடங்குங்கள். ஃப்ளட்டரைக் கடைக்காரர் மொபைல் ஆப் கேட்கிறவரை திறக்காதீர்கள். கிளவுடில், ஒரு சின்ன சர்வரில் உங்கள் புரோகிராமை நீங்களே ஏற்றி ஓடவைக்கத் தெரிந்தால் இப்போதைக்குச் சரி.

ரிப்போர்ட்டில் கைவைக்கும் முன் சீனியர் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டெஸ்ட் காப்பியில் செய்து பாருங்கள். லைவ் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் போடும் நாள் மட்டும் மாதக் கடைசியாக இருக்க வேண்டாம்.