பூங்கா மூடியிருந்தது, பயணக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சியில் வசிக்கிறேன். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா நிறுவனம், இரவிகுளம், சைலன்ட் வேலி, முதுமலை ஆகிய மூன்று மலைத் தேசியப் பூங்காக்களுக்கு வழிகாட்டியுடன் ஆறு நாள் பேருந்துப் பயணம் என்று விளம்பரம் செய்திருந்தது. நான், என் மனைவி, என் தம்பி, அவர் மனைவி ஆகிய நால்வருக்கும் தலைக்கு 18,500 ரூபாய் வீதம் 74,000 ரூபாயை ஜனவரி இரண்டாம் வாரத்தில் என் கணக்கிலிருந்து செலுத்தினேன். மார்ச் முதல் வாரத்தில் புறப்பட்டு மூணாறு போய்ச் சேர்ந்த பிறகுதான், வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் மூடப்பட்டிருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் மாட்டுப்பட்டி அணையையும் காட்டினார். சைலன்ட் வேலிக்கு முக்காலி என்ற ஊர் வரை பேருந்து போனது. அதற்கு மேல் வனத்துறை ஏற்பாட்டில் ஓடும் ஜீப்பில்தான் போக முடியும், அன்றைய இடங்கள் நிரம்பிவிட்டன என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிறுவனம் முன்பதிவே செய்திருக்கவில்லை. முதுமலையில் வனத்துறை வாகனத்தில் உலா நடந்தது. ஆனால் விளம்பரத்தில் படம் போட்டிருந்த புலியைப் பார்க்கவில்லை. பணத்தைக் கேட்டபோது, “பயணத் திட்டம் முன்னறிவிப்பின்றி மாறலாம், எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது, வழக்குகள் சென்னை நீதிமன்றங்களுக்கே உட்பட்டவை” என்ற நிபந்தனையைக் காட்டி, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளத் தலைக்கு 2,000 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் மீது மோசடிப் புகார் கொடுக்கலாமா? வனத்துறையையும் வழக்கில் சேர்க்கலாமா?

பதில்: தங்கள் கடிதத்தில் மூன்று பூங்காக்களைப் பற்றியும் ஒரே மூச்சில் குறைப்பட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் இவை மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் தங்கள் வழக்கு மிக வலுவானது, இரண்டாவதிலும் வலுவானதே, மூன்றாவதில் வழக்கே இல்லை. மூன்றையும் கலந்து எழுதினால், பலவீனமான கோரிக்கையைக் காட்டி வலுவான கோரிக்கைகளையும் நீர்த்துப்போகச் செய்ய எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்துவிடும்.

இரவிகுளத்தை எடுத்துக்கொள்வோம். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த மலைப்பகுதி, நீலகிரி வரையாட்டின் முதன்மையான வாழிடம். பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் அங்கே பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்பது, திடீரென்று வந்த நிலச்சரிவைப் போன்றதோ, முன்கூட்டி யாராலும் ஊகிக்க முடியாத அரசாணையைப் போன்றதோ அன்று. ஆண்டுதோறும் நடந்துவரும் ஏற்பாடு. மூணாற்றுக்குப் பேருந்து விடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே தெரியாது என்றால், அதுவே சேவைக் குறைபாடு.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு சட்டப்பிரிவு தங்களுக்குத் துணை நிற்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு என்றவுடனே, நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்ற பகுதிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தங்கள் நிறுவனமும் அதைத்தான் சொல்லும். ஆனால் அதே பிரிவின் கடைசிப் பத்தி, ஒரு செயல் இயலாதது அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை அறிந்தோ, தக்க கவனம் செலுத்தியிருந்தால் அறிந்திருக்கக் கூடிய நிலையிலோ ஒருவர் அதைச் செய்து தருவதாக வாக்களித்து, மற்றவர் அதை அறியாமல் ஏற்றுக்கொண்டிருந்தால், வாக்களித்தவர் அதனால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று சொல்கிறது. மார்ச் மாதத்தில் இரவிகுளத்தைக் காட்டுவதாக ஜனவரியில் பணம் வாங்கியவர்களின் நிலை இந்தப் பத்தியில் அப்படியே பொருந்துகிறது. “வாடிக்கையாளரும் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கலாமே” என்று அவர்கள் வாதிடக்கூடும். எந்தப் பூங்கா எப்போது திறந்திருக்கும் என்று தானே விசாரிக்க வேண்டியிருந்தால், வழிகாட்டியுடன் கூடிய பயணத்துக்கு ஒருவர் எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11)-ஆம் பிரிவு ‘குறைபாடு’ என்பதை விளக்கும்போது, அலட்சியத்தால் நுகர்வோருக்கு இழப்பு உண்டாக்குவதோடு, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் குறைபாடு என்றே கொள்கிறது. எனவே பூங்காவை மூடும் அறிவிப்பு எந்தத் தேதியில் வெளியானது என்பது முக்கியம். தாங்கள் பணம் கட்டிய பிறகு அது வெளியாகியிருந்தாலும், வெளியான நாளுக்கும் தாங்கள் புறப்பட்ட நாளுக்கும் இடையில் பல வாரங்கள் இருந்திருக்கும். அந்த இடைவெளியில் ஒரு வரி எழுதித் தெரிவித்து, விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ள வாய்ப்புக் கொடுக்காமல், மூணாறு போய்ச் சேரும் வரை மௌனமாக இருந்ததைத்தான் நுகர்வோர் ஆணையத்தின் முன் முதன்மையாக வைக்க வேண்டும். அறிவிப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேரள வனத்துறையிடம் கேட்டுப் பெறலாம். சாதாரணமாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

சைலன்ட் வேலியின் நிலை சற்று வேறு. அங்கே பூங்கா திறந்திருந்தது. நிறுவனம்தான் தன் வேலையைச் செய்யவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயங்களுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் 27, 28-ஆம் பிரிவுகள் 35-ஆம் பிரிவின் வழியே தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்துகின்றன; சுற்றுலாவுக்காக உள்ளே போவதற்கும் அனுமதி வேண்டும். முக்காலியிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரி வரை ஏறத்தாழ 23 கிலோமீட்டர் காட்டுவழியில் சுற்றுலாப் பேருந்து போகாது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அனுமதியும் ஜீப்பும் முன்கூட்டி ஏற்பாடு செய்வது யாருடைய பொறுப்பு என்பதற்குத் தங்கள் பயண நிரலே சான்று. அதில் ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்றோ ‘வன உலா உட்பட’ என்றோ எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டு இணையுங்கள். இத்தகைய வழக்குகளில் ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்கள்தான்’ என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. முழுத் தொகையையும் ஒரே பேக்கேஜாகத் தம் பெயரில் வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்த வாதம் உதவுவது கடினம்.

முதுமலையைப் பொறுத்தவரை வாகன உலா நடந்திருக்கிறது. புலி தென்படுவது எவர் கையிலும் இல்லை. விளம்பரத்தில் ‘புலியை நிச்சயம் காணலாம்’ என்று உறுதி கொடுத்திருந்தாலொழிய, வெறும் படத்தை வைத்துக்கொண்டு குறைபாடு என்று சொல்ல முடியாது. புலிக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரம் இந்நாட்டில் எந்த ஆணையத்துக்கும் இல்லை. அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள்.

வனத்துறையைச் சேர்க்க வேண்டாம். வரையாடுகளின் நலனுக்காகப் பூங்காவை மூடுவது அதன் சட்டபூர்வமான கடமை. தங்களிடம் பணம் வாங்கி எந்த வாக்குறுதியும் கொடுத்த தரப்பு அதுவன்று. தேவையில்லாத ஒரு தரப்பைச் சேர்த்தால் வாய்தாக்கள் கூடுமே தவிர வழக்குக்கு வலு கூடாது. மோசடிப் புகாரையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுதலை நிறுவ, பணம் வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பேருந்து ஓடியது, அறை கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது, ஒரு பூங்காவையும் காட்டினார்கள் என்ற நிலையில், இது உரிமையியல் தகராறு என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

இனி அந்த நிபந்தனைகள். ‘திட்டம் மாறலாம்’ என்ற வாசகம், வழியில் மரம் விழுந்தாலோ மழையில் பாதை அடைபட்டாலோ நிறுவனத்தைக் காக்கும். முன்பே தெரிந்த தடையைச் சொல்லாமல் பணம் வாங்கியதை அது மூடி மறைக்காது. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் நுழைப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-இல் பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது அடுக்குமாடி வீடு வாங்கியவர்களின் வழக்கு என்றாலும் அதன் கொள்கை இங்கும் உதவும். ஆனால் மனு எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று 2(46)-ஆம் பிரிவில் தனியாக ஒரு வகை இருக்கிறது. அதன் பேரில் தொடுக்கும் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் கொடுக்கப்பட்டுள்ளது, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆகவே அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்து மனு எழுதினால், அதிகார வரம்பு இல்லை என்ற ஆட்சேபத்தை நாமே வரவழைத்துக்கொள்வோம். ‘சேவைக் குறைபாடு’, ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற இரண்டின் மீதே மனுவை நிறுத்துங்கள்.

சென்னை நீதிமன்றம் என்ற நிபந்தனைக்காகத் தாங்கள் ரயில் ஏற வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சட்டம் கொடுத்த அந்த உரிமையை அச்சிட்ட ஒரு வரியால் பறிக்க முடியாது என்றே வாதிட வேண்டும். திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே தங்களுக்குரிய இடம். தாங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை; வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்; நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பணம் தங்கள் கணக்கிலிருந்து போனது என்பதால் தம்பி குடும்பத்துக்கு உரிமை இல்லை என்று ஆகாது. பணம் கொடுத்தவரின் ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்தியவரும் நுகர்வோரே.

தொகையைப் பற்றி நிதானமாக யோசியுங்கள். 74,000 ரூபாயை முழுவதுமாகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்கிய அறைக்கும் உண்ட உணவுக்கும் பயணத்துக்கும் உரிய பங்கை ஆணையம் கழித்தே பார்க்கும். பயணத்தின் நோக்கமே மூன்று பூங்காக்கள், அவற்றில் இரண்டு கிடைக்கவில்லை என்ற அடிப்படையில் கட்டணத்தில் பாதியான 37,000 ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடனும், மன உளைச்சலுக்கு 25,000 ரூபாயும், செலவுத் தொகையாக 10,000 ரூபாயும் கேட்பது நிலைத்து நிற்கும் கோரிக்கையாக இருக்கும். ஆணையம் இதில் குறைக்கலாம். ஆனால் மிகையாகக் கேட்டார் என்ற எண்ணம் எழாது.

மனுவுக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. எனினும் 15 நாள் கெடுவுடன், ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினால், சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வருகின்றன. விளம்பரம், பயண நிரல், பணம் செலுத்திய விவரம், வழிகாட்டியுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், இரவிகுளம் நுழைவிடத்தில் வைத்திருந்த அறிவிப்புப் பலகையின் படம் இருந்தால் அது என அனைத்தையும் சேர்த்து வையுங்கள். கைபேசியிலிருந்து எடுத்த நகல்களுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது நல்லது. சாட்சியச் சட்டத்தின் நுட்பங்களை ஆணையங்கள் இறுக்கமாகப் பார்ப்பதில்லை என்றாலும், அந்த ஆட்சேபத்துக்கு இடம் வைக்க வேண்டாம். அதே பேருந்தில் வந்தவர்களில் ஓரிருவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க முன்வந்தால் இன்னும் நல்லது. அவர்கள் விரும்பினால் ஒரே மனுவில் கூட்டாகவும் சேரலாம்.

மனுவின் பேரில் ஆணையம் அனுப்பும் நோட்டீஸ் கிடைத்த நிறுவனம் 30 நாட்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் கூடுதலாக 15 நாட்கள்தான் தர முடியும், அதற்கு மேல் நீட்டிக்க இயலாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று மாதங்களில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஓராண்டு ஆகும் என்ற கணக்கோடு இறங்குங்கள். இடையில் சமரசத் தீர்வுக்கு ஆணையம் அனுப்பினால் மறுக்காதீர்கள். இந்த அளவுத் தொகைக்கு அது பெரும்பாலும் விரைவான வழி.

கூப்பனைப் பற்றி இன்றைக்கே ஒரு காரியம் செய்ய வேண்டும். அதை ஏற்றுக்கொண்டாலோ, பேசாமல் வைத்திருந்து பின்னர் பயன்படுத்தினாலோ, முழுத் தீர்வாக ஒப்புக்கொண்டார் என்று சொல்வார்கள். கூப்பனை ஏற்கவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது; இரவிகுளத்துக்குள் போக முடியாமல் நின்ற அந்த மார்ச் நாளிலிருந்து அதை எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.