மலேசியாவில் தோட்டச் சபை என்றால் என்ன?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பேச்சுவாக்கில் சொல்லும் 'தோட்டச் சபை', ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் கூடி வழிபட்ட சிறிய புராட்டஸ்டண்ட் சபைதான். பெரிய கோயில் கட்டடம் அவசியமில்லை. பள்ளிக்கூட அறையோ லயத்து வீட்டு (தொழிலாளர் வரிசை வீட்டு) முற்றமோ போதும்.

அது உருவான காரணம் ஆள்சேர்ப்பு முறை. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தபின் கங்காணிகள் (தோட்டத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளர்கள்) சொந்த ஊரிலிருந்தே உறவினர்களை அழைத்து வந்தார்கள். ஊரோடு சபையும் வந்தது: திருநெல்வேலியிலிருந்து ஆங்கிலிக்கன், தரங்கம்பாடிப் பக்கமிருந்து லுத்தரன். மெதடிஸ்டுகளோ 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கி வடக்கே வந்தவர்கள்.

போதகர் பட்டணத்தில் இருப்பார், பல தோட்டங்களுக்கு அவர் ஒருவரே. தோட்டத்து ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள்: டாக்டர் எப்போதாவது வருவார், டிரெசர் எனும் மருத்துவ உதவியாளர்தான் தினமும் இருப்பார். அதேபோல ஞாயிறு ஆராதனையை உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) நடத்துவார். ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் போதகர் வரவேண்டும். என்னைக் கேட்டால், இந்தச் சபைகளைத் தாங்கியது உபதேசியார்தான், பதிவேடுகளில் அவர் பெயர் அபூர்வம் என்றாலும்.

அப்புறம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின. சனங்கள் பட்டணத்துச் சபைகளில் சேர்ந்தார்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் இங்கே மதம் மாற்றியவர்கள்தான் இவர்கள் எல்லோரும் என்பது தவறு; பலர் கப்பலேறும் முன்பே கிறிஸ்தவர்கள்.