குவார்ட்டெட் எதைக்கொண்டு வாழ்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வயலின், சற்றுப் பெரிய வியோலா, அதைவிடப் பெரிய செல்லோ என்று நால்வர் வாசிக்கும் டகாச் குவார்ட்டெட்டின் பீத்தோவன் பதிவுகளைக் கேட்டுவருகிறேன். இப்படி வாசிப்பவர்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் நிரந்தர வேலை கிடைக்குமே. நான்கு பேராகப் பங்குபோட்டுக்கொண்டு பிழைக்க முடிகிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கச்சேரிப் பணத்தை மட்டும் நம்பினால் மிகக் கடினம். ஏஜென்ட் கமிஷனுக்கே ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். பயணச் செலவும் பெரும்பாலும் குழுவின் தலையில்தான். செல்லோவைச் சரக்கோடு போட மனம் வராது. ஆகவே அதற்கும் ஓர் இருக்கை, நால்வருக்கு ஐந்து விமான டிக்கெட். மிஞ்சியதை நான்காகப் பிரிப்பார்கள். முதல் வயலினுக்குக் கூடுதல் பங்கு பெரும்பாலும் இல்லை, அதுவே நியாயம். இரண்டாம் வயலின் தளர்ந்தால் முதல் வயலின் எவ்வளவு வாசித்தும் பயனில்லை. ஒரு போட்டியில் வென்றாலும் அரங்கங்கள் ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே தேதி குறித்துவிடுவதால் பலன் தாமதமாகவே வரும்.

அதனால் பல குழுக்கள் நாடுவது ரெசிடென்சி. பல்கலைக்கழகம் நால்வரையும் சேர்த்தே ஆசிரியர்களாக எடுத்துக்கொள்ளும். 1975இல் புடாபெஸ்டில் மாணவர்களாகத் தொடங்கிய டகாச் குழு, 1980களில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கேயே நிலைத்தது. புடாபெஸ்ட் குவார்ட்டெட்டுக்கு 1940 முதல் 1962 வரை வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகம் அந்த இடத்தைத் தந்தது.

அந்தச் சம்பளம் வாங்கித்தருவது ஒத்திகை நேரத்தை. சுருதியை மட்டும் பாருங்கள். செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயலினின் மேல்தந்தி ஈ. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ச–ப உறவு. ஒவ்வொன்றையும் சுத்தமாகச் சேர்த்தால், செல்லோவின் சி-க்கு அந்தர காந்தாரமாக நிற்கவேண்டிய ஈ சுமார் 22 சென்ட் ஏறிவிடும். நூறு சென்ட் ஓர் அரைஸ்வரம் என்பதால், இது அரைஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே பல குழுக்கள் ஒவ்வொரு பஞ்சமத்தையும் மயிரிழை குறுக்கிச் சேர்க்கின்றன. அதோடு முடிவதில்லை. அதே காந்தாரம் மெட்டில் ஓடும்போது ஏறி நிற்க விரும்பும், பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டில் நிற்கும்போது இறங்கியாக வேண்டும். எந்த இடத்தில் எது என்று நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும். செல்லோவும் முதல் வயலினும் முதலில், பிறகு நடுக்குரல்களான இரண்டாம் வயலினும் வியோலாவும் என்று, விரலை அசைத்துத் தரும் அதிர்வு (விப்ராட்டோ) இல்லாமல் மெதுவாக வாசித்துப் பார்ப்பார்கள். நான்கு பார் (தாளப் பகுதி) இசைக்கு ஒரு காலைப்பொழுது போகலாம். பீத்தோவன் இப்படி நால்வருக்காக எழுதிய 16 குவார்ட்டெட்டுகளையும் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ஆறையும் முழுமையாக வாசிப்பதே பெரும்பாலான குழுக்களின் கனவு. ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்துகொண்டு ஓய்வுநேரத்தில் அதைச் செய்ய முடியாது.

ஒருவர் மாறினால் ஒத்துக்கொண்டதையெல்லாம் மறுபடி பேச வேண்டும். டகாச் அதைப் பலமுறை செய்தது. 1993இல் முதல் வயலினுக்கு டூசின்பெர் வந்தார். நீங்கள் கேட்கும் பீத்தோவன் அதற்குப் பிறகு உருவானது. 2020இல் வியோலாவுக்கு ஓ'நீல் வந்தபோது தொடக்கநாள் முதல் இருந்தவர் செல்லோ வாசித்த ஃபெயெர் ஒருவரே. அமேடியஸ் என்ற இன்னொரு குவார்ட்டெட் வேறு வழியை எடுத்தது. 1947 முதல் அதே நால்வர். 1987இல் வியோலாக்காரர் ஷிட்லோஃப் இறந்ததும், மற்ற மூவரும் அந்த இடத்துக்கு யாரையும் தேடாமல் குழுவை நிறுத்திக்கொண்டார்கள்.