மகள் களிமண் பூதத்தைப் பற்றிக் கவிதை எழுதுகிறாள், என்ன செய்வது?

அன்புள்ள அம்மா,

நியூ ஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் மகளின் ஆறு ஆங்கிலக் கவிதைகளும் கிடைத்தன. கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஓராண்டே இருக்கும்போது யூத நாட்டுப்புறக் கதைகளின் விசித்திரப் பிராணிகளைப் பற்றிக் குழந்தைப் பாடல் எழுதிக்கொண்டிருக்கிறாளே என்பது உங்கள் கவலை. கவிதைகளைப் பார்க்காமல் யோசனை சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது போல. அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறில் நான்கு கோலெம் என்னும் களிமண் பூதம் பற்றியவை. பிராக் நகரம், 1609இல் மறைந்த யூத மதகுரு ரபி யூதா லோவ், அவர் களிமண்ணில் பிடித்த மனிதன். எல்லோரும் நடந்து தேய்ந்த பாதை. யூதர்கள் மீது சுமத்தப்பட்ட பொய்யான கொலைப் பழியிலிருந்து அவர்களைக் காக்கவே கோலெம் பிறந்தது என்ற கதையை 1909இல் வந்த யூடல் ரோசன்பெர்க்கின் நூல் பரப்பியது. உங்கள் மகள் அந்தப் பழியை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமக்கும் வேடிக்கைப் பூதமாக மட்டும் எழுதியிருக்கிறாள். சிறுவர்களுக்கு அப்படி எழுதலாம்; ஆனால் எதை விட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோலெமின் நெற்றியில் எழுதியிருப்பது 'எமெத்' என்ற எபிரேயச் சொல், உண்மை என்று பொருள். முதல் எழுத்தை அழித்தால் 'மெத்', இறந்தவன். ஓர் எழுத்து போனால் உயிர் போகிறது! எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தைக்கு இதைவிட நல்ல விளையாட்டு ஏது? நான்கு கவிதைகளிலும் இது இல்லை.

ஐந்தாவது கவிதைதான் என்னை நிறுத்தியது. யூதர்களின் பழைய சமய நூலான தால்முதில் ஒரு கதை. கப்பலில் போகிறவர்கள் ஒரு பறவையைப் பார்க்கிறார்கள். தண்ணீர் அதன் கணுக்கால் வரைதான், தலையோ வானத்தில். ஆழமில்லை என்று எண்ணி உடலைக் குளிர்விக்க இறங்கப் பார்க்கிறார்கள். இறங்காதீர்கள், ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு தச்சனின் கோடரி இங்கே விழுந்தது, இன்னும் தரை தட்டவில்லை என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அது ஸீஸ் பறவை. பறவையை வருணிக்காமல், இன்னும் விழுந்துகொண்டிருக்கும் அந்தக் கோடரி பேசுவதாக எழுதியிருக்கிறாள் உங்கள் மகள். பதினாறு வயதில் இது தோன்றுகிறதென்றால் தடுக்காதீர்கள்.

ஆறாவது லிலித். பச்சிளங் குழந்தைகளுக்குத் தீங்கு செய்வாள் என்று மக்கள் அஞ்சியவள். தூங்கப் போகும் பிள்ளைக்கு வேண்டாம். பதிலுக்கு ஷாமிரை எடுக்கச் சொல்லுங்கள். சாலமோன் ஆலயம் கட்ட இரும்பு படாமல் கல்லைப் பிளந்தது அது, புழு என்பார்கள். வாற்கோதுமை மணி அளவே இருக்கும். கம்பளிப் பஞ்சில் சுற்றி, வாற்கோதுமைத் தவிடு நிறைத்த ஈயப் பெட்டியில் வைத்திருந்தார்களாம். பெட்டியே பாதிப் பாட்டு.

மூலக் கதைகளை செஃபாரியா இணையதளத்தில் ஆங்கிலத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். பழங்கதை பொதுச்சொத்து. ஆனால் இன்றைய எழுத்தாளர் அதில் சேர்த்த பாத்திரமும் வசனமும் அவருடையவை, எடுக்கக் கூடாது. இன்னொரு சமூகத்தின் கதையை எழுதுவதால், கையெழுத்துப் பிரதியை மரபறிந்த யூத வாசகர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி சோற்றுக்கு வருவோம். குழந்தைக் கவிதை மட்டும் வீட்டு வாடகை கட்டாது. இதை அவளிடம் மறைக்காதீர்கள், அதையே சொல்லி மிரட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். ஓவியரைப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். ஆகவே படம் வரைய யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இது. பெரிய பதிப்பகங்கள் பலவும் முகவர் வழியாகத்தான் பிரதியைப் பார்க்கும். கார்-பென் போன்ற யூதச் சிறுவர் நூல் பதிப்பகங்கள் உண்டு. 2005இல் தொடங்கிய பிஜே லைப்ரரி யூதக் குழந்தைகள் வளரும் வீடுகளுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறது. சிறிய சந்தைதான், ஆனால் புத்தகம் தேடும் சந்தை.

படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் யூதவியல் துறை இருக்கிறது. ஆங்கில இலக்கியத்தோடு அதையும் எடுத்து, எபிரேயமோ, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷோ கற்கட்டும். பிறகு அங்கேயே நூலக அறிவியலில் முதுநிலை. சிறுவர் நூலகர் வேலைக்கு அந்தப் பட்டத்தைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். மாதச் சம்பளமும் வரும், எந்த வரியில் பிள்ளைகள் நெளிகிறார்கள் என்று தினமும் எதிரில் உட்கார்ந்து பார்க்கவும் முடியும். பொறியியல் படித்துக்கொண்டே எழுதலாமே என்று கேட்டிருந்தீர்கள். அவளுக்குக் கணக்கு பிடித்தால் தாராளமாக. கடிதத்தில் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு குறை பாக்கி. இயைபுக்காகச் சொல்லைத் தலைகீழாக்குகிறாள், மூன்றாவது கவிதையில் சந்தம் நான்கு இடத்தில் இடறுகிறது. இந்தக் கோடையில் உள்ளூர் நூலகத்தின் கதை நேரத்துக்குத் தன்னார்வலராகப் போய், ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். ஷாமிர் பாட்டு எழுதியானதும் எனக்கு அனுப்புங்கள்.